எல்லாருக்கும் திறந்த அறை

வீட்டோடு மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் பார்க்க அனுமதி உண்டு. எதையும் மாற்ற அனுமதி கிடையாது. ஃபேன் வேகத்தைக்கூட.

நம் மாப்பிள்ளை ஒன்பது வருஷமாக இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறவர். மாடியில் மாமனார் வீடு. கீழே மாமனாரின் பல் லேப். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே பல் மேல் மாட்டும் கேப்பும் பல் செட்டும் செய்து திருப்பி அனுப்புவார்கள். மாமனார் மெழுகில் பல் செதுக்குவார். மூத்த மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, பீங்கான் பூசி ஃபர்னஸில் வைத்துச் சுடுவாள். இளைய மகள் கம்ப்யூட்டர் திரையில் பல் வடிவமைப்பாள். அந்தக் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளை.

"உங்க மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் மாமனார், "வயரெல்லாம் பார்த்துக்கிறார்" என்பார்.

வயர்!

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சின்னவள் ஒரு குண்டு போட்டாள். வெளியூரில் ஒரு பெரிய லேப்பில் வேலை கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை ஆறரை மணி ரயில் என்று சொல்லிவிட்டு, அமைதியாகத் தண்ணீர் குடித்தாள். யாரும் அதற்கப்புறம் சாப்பிடவில்லை. புது லேப்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பழைய இடத்திலிருந்து ஒரு நன்னடத்தைக் கடிதம். பழைய இடம் என்றால் அப்பா.

அப்பா அன்று ராத்திரியே ஒரு நிபந்தனை போட்டார். "லெட்டர் தரேன். ஆனா பல் வடிவத்துல கை வைக்கக் கூடாது."

"எனக்கு அது வேணாம்பா. லெட்டர் போதும்."

பல் வடிவம் என்றால் ஏதோ சில்லறைச் சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. முந்நூற்றுப் பன்னிரண்டு பற்கள். அப்பா மெழுகில் செதுக்கியதை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் சின்னவள் நாலு வருஷம் உட்கார்ந்து நாலைந்து விதமாக வளர்த்தெடுத்தவை. லேசாகத் திரும்பின கோரைப்பல், ஓரம் தேய்ந்த முன்பல், நாற்பது வயசுப் பல், அறுபது வயசுப் பல். இது யாருடையது என்று கேட்டால் அப்பாவும் மகளும் ஒரே மூச்சில் "என்னுது" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். அதுதான் தொல்லையே.

ஞாயிற்றுக்கிழமை, மாமனார் உத்தரவுப்படி, மாப்பிள்ளை அவற்றையெல்லாம் பழைய விண்டோஸ் மெஷினிலிருந்து புது லினக்ஸ் மெஷினுக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றாகப் பூட்டினார். யார் எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் குறித்து வைக்கிற பதிவு ஒன்றையும் போட்டு, அதைச் சின்னவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பாதி நாள் ஆயிற்று. முதுகு பிடித்துக்கொண்டது. "என்னங்க, ஏதோ மலையைப் பெயர்த்த மாதிரி" என்றாள் மனைவி, தைலம் தேய்த்தபடி.

திங்கள் முதல் புதன் வரை பழைய மெஷினிலேயே வேலை நடந்தது. இன்று வியாழன். புது மெஷினுக்கு மாறுகிற முதல் நாள். சின்னவளுக்குக் கடைசி நாள்.

காலை எட்டரைக்கே கூப்பாடு.

"அத்தான்! திறக்கல!"

"என்ன திறக்கல?"

"எதுவுமே திறக்கல. அனுமதி இல்லைங்குது. போற அன்னைக்குத்தானா இதுக்கு ரோஷம் வரணும்?"

மாப்பிள்ளை போய்ப் பார்த்தார். அனுமதி இல்லைதான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை.

கதை இதுதான். லேப்பின் கோப்புகள் எல்லாம் ஒரு பெரிய ஃபோல்டருக்குள். அது மாமனார் பேரில். அதை வேறு யாரும் திறக்கக் கூடாது என்பது அவருடைய கௌரவம். அதற்கு உள்ளே இருக்கிற பல் வடிவ ஃபோல்டர் மட்டும் மகள்களுக்கு. பழைய மெஷினில் இந்த ஏற்பாடு நாலு வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. மாப்பிள்ளை அதையே எழுத்துப் பிசகாமல் புது மெஷினிலும் போட்டார். அது வாசலிலேயே தடியை ஊன்றி நின்றுவிட்டது.

கையில் மெழுகுக் கத்தியோடு மாமனார் வந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"வெளி ரூம் உங்க பேர்ல பூட்டியிருக்கு மாமா. அதைத் தாண்டி உள் ரூமுக்குப் போக முடியல."

"பழசுலயும் பூட்டித்தானே இருந்தது? அங்கே மட்டும் எப்படிப் போனா?"

"அங்கே உள் ரூமோட முழு விலாசம் தெரிஞ்சா நேரா அங்கேயே கொண்டுபோய் விட்டுடும். வாசல்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. இங்கே அப்படி இல்ல. ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்னு, 'என்னை உள்ளே விடலாம்'னு சீட்டு காட்டணும்."

மாமனார் யோசித்தார். அவர் யோசிக்கும்போது மெழுகுக் கத்தி ஆளைப் பார்த்து நீளும்.

"அப்ப நாலு வருஷமா என் பூட்டு?"

"பூட்டியேதான் இருந்தது மாமா."

"யாருக்கு?"

"விலாசம் தெரியாதவங்களுக்கு."

சின்னவள் திரைக்குப் பின்னால் குனிந்து சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. "இன்னைக்குள்ள சரி பண்ணுங்க" என்று போய்விட்டார்.

மாப்பிள்ளை சரி செய்தார். வெளி ஃபோல்டருக்கு 'கடந்து போகலாம்' என்ற சீட்டை மட்டும் கொடுத்தார். லினக்ஸில் அப்படி ஒரு தனி அனுமதி உண்டு. நடந்து போகலாம், சுற்றிப் பார்க்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் சின்னவளின் மென்பொருளுக்கு அந்த நாகரிகம் தெரியாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் என்னென்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

"அத்தான், இப்ப உள்ளே போகுது. ஆனா எல்லாம் காலியா காட்டுது."

பார்க்கிற அனுமதியைக் கொடுத்தார்.

"அத்தான், தெரியுது. சேவ் ஆக மாட்டேங்குது."

எழுதுகிற அனுமதியைக் கொடுத்தார். ஒரு ஃபோல்டருக்குக் கொடுத்தார். அதற்குள் பதினாறு ஃபோல்டர்கள் இருந்தன.

"அத்தான்..."

"வரேன்!"

"நான் கூப்பிடல, அக்காதான் கூப்பிடறா."

மனைவி பீங்கான் மேஜையிலிருந்து குரல் கொடுத்தாள். "எனக்கும் திறக்கலைங்க. டாக்டரம்மா மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. நிறம் பார்க்கணும், படம் வேணும். ஒரு படத்தைத் திறக்க முடியலைன்னா இதுக்குப் பேர் கம்ப்யூட்டரா, கல்லாப் பெட்டியா?"

மறுபடி போன். மறுபடி டாக்டரம்மா. மாமனார் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வயர் ஏதாவது லூஸா மாப்பிள்ளை?" என்றார்.

இந்த இடத்தில்தான் நம் மாப்பிள்ளைக்குப் பொறுமை போயிற்று. ஒன்பது வருஷப் பொறுமை ஒரு வயரில் அறுந்தது. விசைப்பலகையை முன்னால் இழுத்தார். ஒரே ஒரு வரி. எல்லா அறைகளும், எல்லாருக்கும், எல்லாவற்றுக்கும் திறந்தது.

கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மனசுக்குள் ஒரு சமாதானமும் இருந்தது: அறைகளைத்தானே திறந்துவிட்டோம்? உள்ளே ஒவ்வொரு பல்லும் தனித்தனிப் பெட்டியில், தனித்தனிப் பூட்டோடு இருக்கிறது. யார் செய்ததோ அவர் மட்டும்தான் மாற்றலாம். மற்றவர்கள் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை முதுகு ஒடியப் போட்ட பூட்டு.

"திறக்குது அத்தான்!"

"திறக்குதுங்க!"

மாப்பிள்ளை எழுந்துபோய் டீ குடித்தார். அன்று அவர் நிம்மதியாகக் குடித்த ஒரே டீ அது.

பன்னிரண்டே காலுக்கு மாமனார் சின்னவளின் மேஜைக்கு வந்தார். டாக்டரம்மாவின் நோயாளிக்கு மேல்வரிசை முன்பல் இரண்டு. "நாற்பது வயசு, ஓரம் தேய்ஞ்சது எடு."

சின்னவள் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"என்ன?"

"இல்லப்பா."

"தேய்ஞ்சது இல்லைன்னா நல்லதா ஒண்ணு எடு."

"எதுவுமே இல்லப்பா."

பல் வடிவ ஃபோல்டர் இருந்த இடம் பல் பிடுங்கின ஈறு மாதிரி இருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் பொக்கை. பதினாறு உள் ஃபோல்டர்களோடு முந்நூற்றுப் பன்னிரண்டும் போயிருந்தன.

மாமனார் கத்தவில்லை. கத்துகிற மனிதர் என்றால் தாங்கலாம். அவர் மெழுகுக் கத்தியைத் துடைத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தார்.

"வேணாம்னு சொன்னியே."

"அப்பா, நான் தொடல."

"போற அன்னைக்கு. போற நேரத்துல."

"நான் எதுக்குப்பா அழிக்கணும்? எடுத்துட்டுப் போறதுன்னா காப்பி பண்ணிட்டுப் போனா போச்சு. அழிச்சா எனக்கு என்ன லாபம்?"

"எனக்கு இருக்கக் கூடாதுல்ல? அதுதான் லாபம்."

மனைவி மேஜையிலிருந்து எழுந்து வந்து கதவருகில் நின்றாள். மூக்கு வாயெல்லாம் மூடிய தூசி மாஸ்க். கையில் ஈரப் பிரஷ்.

மாமனார் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்க. கம்ப்யூட்டர் படிச்சவர் நீங்க. அதை யார் அழிக்க முடியும்?"

அந்த நாற்காலி மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் வினை. நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியா பூட்டியிருக்கேன் மாமா. என்னால அடிச்சுச் சொல்ல முடியும். பெட்டி யார் பேர்ல இருக்கோ, அவங்களைத் தவிர வேற யாராலும் அதை அழிக்க முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளும் சின்னவள் பேரில்தான் இருந்தன என்று.

சின்னவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"நீங்களுமா அத்தான்?" என்றாள் சின்னவள்.

மாமனார் டிராயரைத் திறந்து, நேற்றே அடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மறுபடி உள்ளே போட்டு மூடினார். "ரயிலுக்குப் போகணும்னா போ. இது வராது."

சின்னவள் மாடிக்குப் போனாள். படியில் அவள் வைத்த ஒவ்வொரு காலடியும் மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை புது மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். எதற்கு? தன் சொல் சரிதான் என்று தனக்கே நிரூபிக்க. அந்த நிரூபணம் கையில் இருந்தால் சின்னவள் முகத்தைப் பார்க்க முடியும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

சின்னவள் பேரில் ஒரு வெற்றுக் கோப்பு செய்தார். பூட்டினார். பிறகு மாமனாரின் கணக்கில் நுழைந்து அதில் ஒரு எழுத்தைச் சேர்க்கப் பார்த்தார். அனுமதி இல்லை. பார்த்தீர்களா? அடுத்து அழிக்கப் பார்த்தார்.

போய்விட்டது. சின்ன முனகல்கூட இல்லை.

மறுபடி செய்தார். மறுபடி போயிற்று. மனைவியின் கணக்கில் நுழைந்து செய்தார். அதிலும் போயிற்று. காது சூடாகி, எழுந்துபோய்ப் பழைய மெஷினில் அதே சோதனையைச் செய்தார். அது கறாராக, "உரியவர் வரட்டும்" என்றது.

மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டார்.

பழைய மெஷினில், அவர்கள் போட்டிருந்த ஏற்பாட்டில், பெட்டியின் பூட்டுதான் பெட்டியைக் காத்தது. மூடியைத் திறக்கவும் விடாது, தூக்கி எறியவும் விடாது. புது மெஷினின் நியாயம் வேறு. பெட்டிக்குள் இருப்பதை மாற்றத்தான் பெட்டிக்காரன் தயவு வேண்டும். பெட்டியையே வெளியே தூக்கிப்போட அறையின் மீது அதிகாரம் இருந்தால் போதும். பூட்டைத் தொடவே வேண்டாம், பூட்டோடு தூக்கிப்போடலாம்.

அந்த அறைகளைத்தான் காலையில் அவர் கோபத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தார்.

'பொது அறையாக இருந்தாலும் அவரவர் பெட்டியை அவரவர்தான் எடுக்கலாம்' என்பதற்கும் அந்த மெஷினில் ஒரு குறி உண்டு. ஒரே ஒரு குறி. அது அவருக்குத் தெரியும். படித்திருக்கிறார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார். போடத்தான் தோன்றவில்லை.

அடிச்சுச் சொன்னாராம், அடிச்சு! தன்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு நல்ல காரியம் மட்டும் நடந்தது. பழைய மெஷினில் முந்நூற்றுப் பன்னிரண்டும் அப்படியே கிடந்தன. மாப்பிள்ளை அவற்றை மறுபடி புது மெஷினுக்குக் கொண்டுவந்தார். இந்தத் தடவை அந்தக் குறியையும் போட்டார். வீடு எரிந்த பிறகு வாளியில் தண்ணீர் நிரப்புகிற சுறுசுறுப்போடு.

மனைவியிடம் போய் மெதுவாகச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. ஒரு முன்பல்லின் நுனிக்கு நீலம் கலந்த வெள்ளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு கிடைச்சிடுச்சுல்ல?"

"கிடைச்சிடுச்சு."

"அப்ப விடுங்க. மெஷின் கோளாறு, திரும்ப வந்துடுச்சுன்னு சொல்லுங்க. அப்பா லெட்டர் குடுத்துடுவாரு."

"மெஷின் கோளாறு இல்லையே. என் கோளாறு."

"அதை ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? ஏற்கெனவே அப்பா உங்களை வயர்ங்கறாரு. இனிமே அதுக்கும் நீங்க லாயக்கு இல்லைம்பாரு."

"அவ பேரு கெட்டுப் போயிருக்கே."

"பல்லு வந்தா பேரும் தானா வந்துடும்."

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் அசந்துதான் போனார். எவ்வளவு வசதியான யோசனை! தன் மேல் மனைவிக்கு இவ்வளவு கரிசனமா என்று நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் 'திரும்ப வந்துவிட்டது' என்றால் மாமனார் என்ன நினைப்பார்? பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டாள் என்றுதான் நினைப்பார். திருட்டு இரட்டிப்பாகும். அதை அவள் ரயிலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், இவர் கொடுத்த சாட்சியோடு.

ஐந்து மணி. சின்னவள் பெட்டியோடு இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, நடை நிமிர்ந்திருந்தது. அப்பாவின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"லெட்டர் இல்லாம போறேன். அங்கே கேட்டா, அப்பா தரலைன்னு சொல்லிக்கிறேன். ஏன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

"உண்மையைச் சொல்லு" என்றார் அப்பா, நிமிராமல்.

"மாமா."

மாப்பிள்ளை உள்ளே வந்தார். அதே நாற்காலி காலியாக இருந்தது. உட்காரவில்லை.

"மத்தியானம் நான் சொன்னது தப்பு மாமா. அதை இவ மட்டும்தான் அழிக்க முடியும்னேன். அப்படி இல்ல. நீங்க அழிக்கலாம், நான் அழிக்கலாம், இந்த லேப்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற யார் வேணாலும் அழிக்கலாம்."

"பூட்டியிருக்கேன்னீங்க?"

"பெட்டியைப் பூட்டினேன். ரூமைத் திறந்துவிட்டேன். இந்த மெஷின்ல ரூம் திறந்திருந்தா பெட்டியைப் பூட்டோடவே தூக்கிப் போட்டுடலாம். பழசுல முடியாது, இதுல முடியும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். காலையில ஆத்திரத்துல செஞ்சேன். பல்லு பத்திரமா இருக்கு, பழைய மெஷின்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா தப்பு என்னுது. இவளுது இல்ல."

மாமனார் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார்.

"பழைய மெஷின்ல வாசல் பூட்டு பொய்."

"ஆமா மாமா."

"புது மெஷின்ல பெட்டிப் பூட்டு பொய்."

"ஆமா மாமா."

"அப்ப நீங்க எதுக்கு மாப்பிள்ளை?"

"வயர் பார்த்துக்கறதுக்கு மாமா."

சொல்லிவிட்டார். கூனிக் குறுகித்தான் சொன்னார். ஆனால் சொன்ன மறு நிமிஷம் தோளிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. சின்னவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் பத்து வருஷம் வயராகவே இருக்கலாம் என்று தோன்றியது.

மாமனார் டிராயரைத் திறந்தார். கடிதத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டி, முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்டார். மகளைப் பார்க்காமல் மேஜையின் மேல் தள்ளினார். மன்னிப்புக் கேட்பதில் அவருக்குத் தெரிந்த முறை அவ்வளவுதான்.

"வண்டி ஆறரைக்கா?"

"ஆமாம்பா."

"தண்ணி எடுத்துக்கிட்டியா?"

அவள் கடிதத்தைத் தொடவில்லை.

"யார் வேணா அழிச்சிருக்கலாம்னா, அதுல நானும்தானே இருக்கேன்?"

"அதான் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"சந்தேகத்தோட போட்ட கையெழுத்து எனக்கு வேணாம்பா. நாளைக்கு ராத்திரி தூக்கம் வராம புரளுவீங்க, அவளா இருக்குமோன்னு. எனக்குத் தெரியாதா உங்களை?" அவள் திரும்பினாள். "அத்தான், யார் எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் புது மெஷின் குறிச்சு வைக்கும்னு சொன்னீங்களே. அதைப் பாருங்க."

மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியது. கையில் விளக்கை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க இருட்டில் தடவியிருக்கிறார்! உரியவரைத் தவிர யாரும் அழிக்க முடியாது என்று நம்பினபோது பதிவைப் பார்க்கத் தோன்றவில்லை. நம்பிக்கை உடைந்த பிறகு, உடைந்த சத்தத்தில் மறந்துவிட்டது.

"பாருங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "சத்தமா படிங்க."

மாப்பிள்ளை திரையைத் திருப்பிப் பதிவைத் திறந்தார். வரி வரியாகக் காலை நேரம் ஓடியது. அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை. காலை முழுவதும் அவர் பட்ட பாடு அங்கே அட்சரம் தப்பாமல் இருந்தது.

"பதினொண்ணு நாற்பத்தேழு" என்று படித்தார். "பல் வடிவங்கள் ஃபோல்டர். முழுசா வெளியே எடுத்து, தன் ஃபோல்டருக்கு மாத்திட்டு, இங்கேருந்து அழிச்சிருக்காங்க. எடுத்த கணக்கு..."

நிறுத்தினார்.

கணக்குகளுக்கு அவர்தான் பேர் வைத்தவர். மாமனாருக்கு 'மெழுகு'. சின்னவளுக்கு 'வடிவம்'. தன் மனைவிக்கு, கொஞ்சம் ஆசையாக, 'பீங்கான்'.

திரையில் இருந்தது பீங்கான்.

'பல்லு வந்தா பேரும் தானா வந்துடும்.' மத்தியானம் மனைவி சொன்ன அதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளைக்கு நெஞ்சு நெகிழ்ந்திருந்தது.

கதவருகில் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பாமலே யாரென்று தெரிந்தது. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். அவை மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தங்கையின் பெட்டியை, அதன் கைப்பிடியில் கட்டியிருந்த ரயில் சீட்டின் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பல்லெல்லாம் காணோம் என்றால் அதைத் தேடி முடிக்கிற வரையாவது இவள் போக மாட்டாள் என்று ஒருத்தி கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு இப்படித் திரும்பும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"யாரு மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்து நிமிஷம் முன்னால்தான் உண்மையைச் சொல்லிப் பழகியிருந்தார். அதற்குள் இரண்டாவது பாடம்.

சின்னவள் அவர் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். காலையிலிருந்து தன் பேருக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியவள், கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"நான்தான்பா."

"என்னது?"

"நான்தான் எடுத்தேன். அத்தான் என்னைக் காப்பாத்தப் பார்த்தாரு. போதும், பாவம் அவரு."

மாமனார் கடிதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். மை இன்னும் காயாத கையெழுத்து. அப்படியே, மெதுவாக, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மனைவி மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். "அப்பா..."

"அக்கா," என்றாள் சின்னவள், அவளைப் பேசவிடாமல், "ஃபர்னஸ் கூவுது பாரு. போய் இறக்கி வை. கருகிடப் போகுது."

ஃபர்னஸிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.